சாலை பிரிகிற இடத்துச் சாமி

கோபேயிலிருந்து கிளம்பிய பன்னிரண்டாம் நாள் எங்கள் கப்பல் சிங்கப்பூரைத் தொட்டது. "இயந்திரத்தில் பழுது, நாலு நாள் இங்கேதான்" என்று அதிகாரி ஒருவர் மேல்தளத்தில் வந்து சொன்னதும், சென்னைக்குப் போகிற பயணிகள் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். நான் மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு குதிக்காத குறையாக நின்றேன். ஒரே ஒரு பகல்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்த ஊரில் நாலு நாட்கள்! ஒரு கல்லைத் தேடிக் கண்டுபிடிக்க அது போதும்.

கல்லைத் தேடி யாராவது சிங்கப்பூரில் இறங்குவார்களா? நான் இறங்கினேன். காரணம் கோபேயில் இருந்தது. அங்கே ஒரு சிந்தி வியாபாரியின் துணி ஏற்றுமதி அலுவலகத்தில் நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். ஹனாயே என்ற விதவையின் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். கிமோனோ தைத்துக் கொடுத்து, ஒரே மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஷோஜி, ஜப்பான் ராணுவம் சிங்கப்பூரைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் இங்கே ராணுவ லாரி ஓட்டியவர். திரும்பி வரவில்லை. எலும்பும் வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகு கூட்டாளி ஒருவர் ஷோஜி வரைந்த பென்சில் படம் ஒன்றை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

படத்தில் ஒரு சாலை இரண்டாகப் பிரிகிறது. பிரிகிற முனையில் ஒரு கல். இடப்பக்கம் ரப்பர் மரங்கள், பின்னால் முதுகு வளைந்த குன்று. அந்தக் கல்லை ஷோஜியே செதுக்கி நட்டாராம். தினமும் லாரியை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவாராம். சாமியின் பெயர் சாருதஹிகோ.

இந்தச் சாமியை எனக்குத் தெரியும். புது வருஷத்துக்கு ஹனாயே அம்மா தன் ஊர்க் கோயிலுக்கு என்னை அழைத்துப் போயிருக்கிறார். தேவர்கள் வானத்திலிருந்து முதன்முதலாக இறங்கி வந்தபோது, வழி பிரிகிற இடத்தில் நின்று, இப்படி வாருங்கள் என்று முன்னால் நடந்தவர் அவர்தான். ஒரு முழத்துக்கு மேல் நீண்ட மூக்கு. விளக்குப் போல எரியும் கண்கள். லாரிக்காரர்கள், வீடு மாறுகிறவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று புதுவழியில் கால் வைக்கிற எல்லாரும் அவரிடம் வருகிறார்கள். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி ஒரு முறை குனிந்து கும்பிடுகிறார்கள்.

நான் புறப்படுகிற அன்று ஹனாயே அம்மா படத்தையும் ஒரு சிறிய புட்டி அரிசி மதுவையும் கொடுத்தார். "கல் இருக்கிறதா என்று பார்த்து எழுதினால் போதும். இருந்தால் இதை ஊற்றுங்கள்" என்றார். வாசல்வரை வந்து, தெரு திரும்புகிறவரை குனிந்தபடியே நின்றார்.

முதல் நாளைக் கல்லுக்குக் கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். லாஞ்சுப் படகிலிருந்து கரையேறி சிராங்கூன் சாலைக்கு வந்ததுமே என் மூக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு வருஷம் கழித்துத் தாளிக்கிற வாசனை! முதல் சாப்பாட்டுக் கடையிலேயே நுழைந்து இலை முன்னால் உட்கார்ந்தேன். சாம்பார் வந்ததும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "ரொம்பக் காரமோ?" என்று கேட்டார். தலையை ஆட்டிவைத்தேன். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

கடைக்கு மேலேயே தங்க ஒரு அறை கிடைத்தது. சாயங்காலம் தேக்கா சந்தையைச் சுற்றினேன். காய்கறிக்காரச் சீனத்து அம்மா ஒருத்தி, "முருங்கக்கா புதுசு, பாருங்கண்ணே!" என்று கூப்பிட்டபோது ஒரு கணம் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தேன். கோபேயில் நாலு வருஷமாகியும் என்னை அதிசயப் பிராணியாகத்தான் பார்த்தார்கள். இங்கே சீனத்தியே என்னை அண்ணே என்கிறாள். இந்த ஊரில் என் கல் கிடைக்காமல் போகாது என்று அப்போதே தோன்றிவிட்டது.

மறுநாள் காலையில் சந்தைக்கு எதிரே வரிசையாக நின்ற டாக்சிகளில் முதல் வண்டியின் கதவைத் திறந்தேன். ஓட்டுநருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் காத்தமுத்து. கண்ணாடியில் அனுமார் படம், அதற்கு ஒரு சரம் மல்லிகை. பக்கத்து இருக்கையில் ஒரு தேங்காய் உருண்டுகொண்டிருந்தது.

"எங்க போகணும் சார்?"

"அதுதான் தெரியலைண்ணே. இந்த இடத்தைத் தேடிட்டு வந்திருக்கேன்" என்று படத்தை நீட்டினேன்.

பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட! இது தெரியாதா? உட்காருங்க, நானே அங்கதான் போறேன்." அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. என் மகிழ்ச்சியைக் கேட்க வேண்டுமா? இருக்கையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, போகிற வழியில் கண்ட மரத்தையெல்லாம் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். புக்கிட் தீமா சாலையில் பாதி தூரம் போயிருப்போம்.

"படம் அச்சு அசலா இருக்குதே. யாரு சார் வரைஞ்சது?"

நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "ஜப்பான்காரர்ண்ணே. சண்டை நேரத்துல இங்க லாரி ஓட்டினவர். அந்தக் கல்லை வெச்சதே அவர்தான்."

வண்டி ஓரமாக நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எறங்குங்க."

"அண்ணே, நான்..."

"எறங்குங்கன்னேன்ல!"

இறங்கினேன். வண்டி போய்விட்டது. தூரத்தில் அது வளைவில் மறைந்த பிறகுதான் கைகளைப் பார்த்தேன். கையில் படம் இருந்தது. பை வண்டியிலேயே போய்விட்டது. பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், ஹனாயே அம்மாவின் புட்டி எல்லாம் அதற்குள்.

தேக்காவுக்கே திரும்பிப் போய் டாக்சிகள் நிற்கிற இடத்தில் காத்திருப்பது என்று முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. வந்து நின்ற பஸ்ஸில் பாய்ந்து ஏறினேன். கண்டக்டரிடம் "தேக்கா, தேக்கா" என்றேன். அவர் சீனத்தில் என்னவோ சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார். ஜன்னல்களின் கான்வாஸ் திரைகளை இழுத்துவிட்டிருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. நெடுநேரம் கழித்து எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கிப் பார்த்தால், முன்னால் கடல். அதன்மேல் ஒரு பாலம். அக்கரையில் ஜொகூர்! நகரத்துக்குப் போகிற பஸ் என்று நினைத்து, எதிர்த்திசையில் உட்லண்ட்ஸ்வரை வந்திருக்கிறேன்.

நனைந்த கோழியாக ஒரு தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். காதர் பாய் என்பவரின் சாப்பாட்டுக் கடை அது. பெரிய சட்டியில் மீ கோரேங் கிளறிக்கொண்டிருந்தார். நூடுல்ஸைத் தக்காளியும் மிளகாயும் போட்டுச் செக்கச்செவேலென்று வறுப்பது. ஜப்பானில் நான் நாலு வருஷம் சத்தம் போட்டு உறிஞ்சிக் குடித்த அதே நூடுல்ஸை நம்மவர்கள் கையில் கொடுத்தால் இப்படி ஆகிவிடுகிறது! அந்தக் கவலையிலும் ஒரு தட்டைக் காலி செய்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். காதர் பாய் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஜப்பான்னா சொன்னீங்க? ஏன் தம்பி, எத்தனையோ வீட்ல ஒரு ஆளு சயாமுக்கு ரயில் ரோடு போடப் போயித் திரும்பவே இல்ல. ஜப்பான்காரன் லாரி வெச்சு அள்ளிட்டுப் போனான். நம்ம காத்தமுத்தோட தம்பியும் போனவன்தான். நாங்க அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம் லா."

படத்தை மெதுவாக மடித்தேன். அவர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார்.

"இதுவா? அனுமார் கல்லு. புக்கிட் பாஞ்சாங்ல ரோடு ரெண்டாப் பிரியும் பாருங்க, அங்க இருக்கு. ஜொகூர் போற டாக்சி, லாரி எல்லாம் அங்க நிறுத்திட்டுத்தான் வரும். நீங்க அதத் தாண்டித்தான் வந்திருக்கீங்க!"

அனுமார் கல்லா? என் கல்லுக்கு அனுமார் எப்படி வந்தார்? யோசிக்கக்கூட நேரம் கொடுக்காமல், அன்னாசிப் பழம் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகிற லாரி ஒன்றைக் கைதட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார் காதர் பாய். பழங்களுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். முள் குத்தியது, வாசனை ஆளைத் தூக்கியது. மழை விட்டிருந்தது. திடீரென்று வலப்பக்கம் ஒரு குன்று எழுந்தது. முதுகு வளைந்த குன்று!

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

லாரிக்காரர் சிரித்தார். "எப்படியும் இங்க நிறுத்துவேன் தம்பி."

சாலை இரண்டாகப் பிரிந்தது. பிரிகிற முனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். கோபேயில் காகிதத்தில் பார்த்தது இங்கே மண்ணில் நிற்கிறது! கல் முழுக்கச் செந்தூரம். கழுத்தில் மிளகுவடை மாலை. முன்னால் எலுமிச்சம்பழங்கள். இன்னொரு பக்கம் சீன ஊதுவத்திகள் புகைந்தன. ஒரு தட்டில் வேர்க்கடலையும் வாழைப்பழமும் இருந்தன. நிஜக் குரங்கு ஒன்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அந்தப் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் தரையில் காத்தமுத்து உட்கார்ந்திருந்தார். மடியில் என் பை.

"இங்கதான் வருவீங்கன்னு தெரியும்" என்றார். "பாஸ்போர்ட்டு உள்ள இருக்கு. பாத்துக்குங்க."

நன்றி சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. எழுந்து நின்று கல்லைக் காட்டினார்.

"சண்டை முடிஞ்சதுலேருந்து கும்பிடுறேன். வண்டி எடுத்த மொத நாளு இங்கதான் தேங்கா ஒடைச்சேன். நீங்க வந்து ஜப்பான்காரன் வெச்சதுங்கறீங்க. உங்களுக்கு அவங்க எழுத்துப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"படிங்க."

குனிந்து செந்தூரத்தைத் துடைத்தேன். ஒரே ஓர் எழுத்துதான் தெரிந்தது. சாரு, அதாவது குரங்கு. சாலையோரத்தில் கோப்பிக்கடை வைத்திருந்த கிழச் சீனர் எங்களை நோக்கி வந்து மலாயில் படபடவென்று பேசினார். காத்தமுத்து அதைத் தமிழில் சொன்னார். சண்டைக்குப் பிறகு ஒரு மழையில் மண் சரிந்து, புதைந்து கிடந்த இந்தக் கல் தலை காட்டியதாம். ஜப்பானிய எழுத்தும் சீன எழுத்தும் ஒன்றுதானே! குரங்கு என்று படித்தவர், தங்கள் குரங்குச் சாமிதான் தேடி வந்திருக்கிறது என்று ஊதுவத்தி ஏற்றிவிட்டார். அவர் குரங்கு என்று சொன்னதைக் கேட்டு, நம்மவர்கள் வடைமாலை கொண்டுவந்துவிட்டார்கள்.

"குரங்குன்னுதானே போட்டிருக்கு?" என்றார் காத்தமுத்து. குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த மனிதர் என் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தவர்.

"இந்த எழுத்து குரங்குதாண்ணே. ஆனா இது பேரோட ஆரம்பம். மிச்சம் மண்ணுக்குள்ள இருக்கு."

அவர் டாக்சியின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு மண்வெட்டியை எடுத்தார். சங்குல் என்பார்கள் இங்கே. சீனர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். காத்தமுத்து தானே தோண்டினார். ஈரமண் என்பதால் சீக்கிரம் இறங்கியது. ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. நான் கையால் மண்ணை வழித்து வழித்துப் படித்தேன். சாரு. த. ஹிகோ. பெருந்தெய்வம். அடியில் சின்னதாக: ஷோஜி வைத்தது.

ஆணியாலும் சுத்தியலாலும் ஒரு லாரிக்காரர் தட்டித் தட்டிச் செதுக்கிய கோணல்மாணலான எழுத்துகள். ஹனாயே அம்மா இதைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்துவிட்டேன்!

"என்ன சாமி இது?" காத்தமுத்து கேட்டார்.

சொன்னேன். வழி பிரிகிற இடத்தில் நின்று வழி காட்டுகிறவர் என்றேன்.

அவர் மண்வெட்டியின் மேல் சாய்ந்து நின்றார். "தம்பி பழனிக்கு அப்ப பத்தொம்பது வயசு. சிராங்கூன் ரோட்டுல கோப்பி குடிச்சிட்டு இருந்தவன லாரியில ஏத்தினானுங்க. நான் பின்னாலயே ஓடினேன். இந்த ஆளும் லாரிதானே ஓட்டினான்?"

"ஆமாண்ணே."

"இவன் ஓட்டின லாரிலதான் போனானோ என்னமோ."

அவர் மண்வெட்டியை உயர்த்தினார். கல்லை உடைத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தடுக்க எனக்கு உரிமை இல்லை. சீனர் ஏதோ கத்தினார். மண்வெட்டி அப்படியே சற்று நேரம் நின்றது. பிறகு கீழே வந்து தோண்டிய மண்ணின் மேல் விழுந்தது.

"அந்தாளு ஊருக்குத் திரும்பினானா?"

"இல்லண்ணே. எங்க செத்தார்னே தெரியாது. எலும்புகூட வரல."

"எங்களுக்கும் வரல."

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு என் பையைக் காட்டி, "உள்ள புட்டி ஒண்ணு இருந்துச்சே. என்னது அது?" என்றார்.

"அரிசி மதுண்ணே. அந்தம்மா ஊத்தச் சொல்லிக் குடுத்தாங்க."

"சாராயமா? அனுமாருக்கா?" நிஜமாகவே பதறிவிட்டார். நானும் விழித்தேன். தலையைச் சொறிந்துகொண்டு கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "முன்னாடி ஊத்தாதீங்க. பின்பக்கமா ஊத்துங்க."

பின்பக்கம் போய் ஊற்றினேன். இரண்டு முறை குனிந்தேன். இரண்டு முறை கை தட்டினேன். அந்தச் சத்தத்தில் குரங்கு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. காத்தமுத்து மண்ணைத் தள்ளி எழுத்துகளை மூடினார். குரங்கு என்ற எழுத்து மட்டும் மறுபடி வெளியே நின்றது. தேங்காயை அவர் உடைக்கவில்லை. கோப்பிக்கடைச் சீனரிடம் கொடுத்துவிட்டார். என்னை என் அறை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஊரைச் சுற்றினேன். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் மின்சார பஸ்ஸில் ஏறினேன். டுரியான் பழத்தை வாங்கி, நாற்றம் தாங்காமல் அறைக்காரர் கீழே போய்ச் சாப்பிடச் சொல்ல, தெருவோரத்தில் நின்று தின்றேன். எதைச் செய்தாலும் கண் டாக்சி வரிசைக்கே போனது. காத்தமுத்துவின் வண்டி அன்று வரவில்லை. ஒரு மனிதரின் சாமியைத் தோண்டிப் பார்த்துவிட்டேனே என்று நெஞ்சு குறுகுறுத்தது.

நாலாம் நாள் காலையில் பெட்டியோடு படியிறங்கினால், வாசலில் அவர் வண்டி. "கப்பலுக்குத்தானே? ஏறுங்க" என்றார். கண்ணாடியில் அனுமாருக்குப் புதுச் சரம் போட்டிருந்தது.

படகுத்துறையில் லாஞ்சு புறப்பட இன்னும் நேரம் இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"அந்தம்மாவுக்குக் கடுதாசி எழுதுவீங்கல்ல? இப்பவே எழுதுங்க. நான் சொல்றேன்."

காகிதத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல ஜப்பானிய மொழியில் எழுதினேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் வெச்ச கல்லு நல்லா இருக்கு. சாயல. தினமும் ஆளுங்க கும்பிடுறாங்க. நான் டாக்சி ஓட்டுறவன், பேரு காத்தமுத்து. நானும் கும்பிடுறவன்தான். முந்தாநேத்து தேங்கா ஒடைக்கத்தான் போனேன்." நிறுத்தினார். "என் தம்பிய உங்க ஆளுங்க சயாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதையும் எழுதுங்க, மழுப்பாம எழுதுங்க. அவன் எந்த வழியா போனான், எங்க விழுந்தான்னு தெரியாது. உங்க ஊர்ல அந்தச் சாமி கோயில் இருக்குதாமே. அடுத்த தடவ போறப்ப அவன் பேரையும் அவருகிட்ட சொல்லுங்க. பழனி."

பெயரை எழுதிவிட்டு அவரிடம் காட்டினேன். மூன்றே எழுத்துகள். அவற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அந்தம்மா இத எப்படிப் படிப்பாங்க?"

"அவங்களுக்கு ழ வராதுண்ணே, ல-வும் வராது. பரனின்னுதான் சொல்வாங்க."

"பரனியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க. அவங்க சொல்ற மாதிரியே சொல்லுங்க."

"பரனி சான்" என்றேன், அவர்கள் மரியாதைக்குச் சேர்க்கிற சொல்லோடு.

"போதும். யாரைக் கூப்பிடுறாங்கன்னு அவனுக்குப் புரியும்." கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். "தபால்ல நானே போடுறேன்."

லாஞ்சு நகர்ந்தது. படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று கையசைத்தார். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பரனி, பரனி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.